‘நமக்கெல்லாம் எதுக்கு?’

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாள் முழுக்க உழைத்துவிட்டு இந்த மணலில் வந்து உட்கார்ந்திருக்கும் தங்கச்சிமடத்து மக்களே, வணக்கம்.

‘வாழ்விலும் வேலையிலும் நம்மை முன்னேறவிடாமல் பிடித்து வைப்பது சூழ்நிலையா, மனப்பழக்கமா?’ இதுதான் இன்றைய தலைப்பு. மனப்பழக்கமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணன் ஒரு கேள்வியை வீசிவிட்டு உட்கார்ந்தார். “எல்லை தாண்டினாய் என்று படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் அடுப்பு எரியவில்லை. அங்கே போய் மனசை மாற்றிக்கொள் என்று சொல்வீர்களா?” என்று கேட்டார். சொல்ல மாட்டேன், அண்ணே. நான் பாம்பன்காரி. அப்பா தென்கடலில் நாட்டுப்படகு ஓட்டியவர். அந்த வீட்டுக்கு அன்றைக்குத் தேவை அரிசியும் வக்கீலும்தான். அதில் உங்களோடு எனக்குச் சண்டையே கிடையாது.

நான் பேசுவது அடுத்த வருஷத்தைப் பற்றி. அந்த வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்குகிறாள். அரசுப் பள்ளியில் படித்தவள், கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். கல்லூரிக்கு பஸ் இருக்கிறது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் வருகிறது, போகிறது. ஏன் போடவில்லை என்று கேட்டால் அவள் சொல்கிற பதில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். “நமக்கெல்லாம் எதுக்குக்கா?”

சொல்லிக்கொடுத்தது நாம்தான். ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம்.

இந்த ராமேஸ்வரம் தீவுக்கு ரயில் பாலம் வந்தது 1914இல். சாலைப் பாலம் 1988இல்தான். நடுவே 74 வருஷம். அவசரத்துக்கு ஒரு பஸ் ஏறி மண்டபம் போக முடியாமல் கிடந்தார்கள் நம் பாட்டன்மார்கள். அது சூழ்நிலை, நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாலம் வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் “நாம தீவுக்காரங்க, அந்தப் பக்கம் நமக்குச் சரிப்படாது” என்று ஒருவர் சொன்னால், அதை எந்தக் கணக்கில் எழுதுவது? இதே மாவட்டத்தில்தான் கீழக்கரை இருக்கிறது. அங்கே கடல் தாண்டிப் போய்த் தொழில் செய்வது தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பேச்சு. பையன் வளரும்போதே ‘சபர்’, அதாவது கடல் கடந்த பயணம், என்ற சொல் காதில் விழுந்துகொண்டிருக்கும்.

1967இல் அமெரிக்காவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இருவர் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கொடுமையான சோதனை, சொல்லவே மனசு வரவில்லை. முதல் நாள் நாயைக் கட்டிப்போட்டு மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். அது என்ன செய்தாலும் அதிர்ச்சி நிற்காது. அடுத்து அதை வேறொரு பெட்டியில் விட்டார்கள். நடுவே குட்டைத் தடுப்பு, அதைத் தாண்டிவிட்டால் அதிர்ச்சி இல்லை. முதல் நாள் கட்டிப்போடாத நாய்கள் தாண்டிவிட்டன. கட்டிப்போட்டு வதைத்த நாய்களில் மூன்றில் இரண்டு பங்கு, தாண்டப் பார்க்காமல் அங்கேயே சுருண்டு படுத்துக்கொண்டன.

“அதிர்ச்சி கொடுத்தது சூழ்நிலைதானே?” என்று எதிரணி கேட்கலாம். முதல் நாள் சூழ்நிலைதான், நடுவர் அவர்களே. இரண்டாவது பெட்டியில் கட்டு இல்லை, கயிறு இல்லை. அங்கே அந்த நாயைப் பிடித்து வைத்தது எது?

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். படுத்த நாய்களை எழுப்ப அவர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்கள், தின்பண்டம் போட்டார்கள். நடக்கவில்லை. கடைசியில் கழுத்துக் கயிற்றைப் பிடித்துத் தடுப்பின் அந்தப் பக்கத்துக்கு இழுத்துப் போனார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. அதற்குப் பிறகு அவை தாமாகத் தாண்டின. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் பழைய முடிவைத் திருத்தி எழுதினார்கள். கஷ்டம் நீண்டால் ஒடுங்கிப்போவது மூளையின் இயல்பு, அதைக் கற்கத் தேவையில்லை. ‘என் கையிலும் ஒன்று இருக்கிறது’ என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது என்றார்கள். ஒடுங்கிப்போன பிள்ளையை நாம் சோம்பேறி என்று திட்டுகிறோமே, அது எவ்வளவு பெரிய தப்பு!

என் கதையைச் சொல்கிறேன். படித்து முடித்து ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. மேல்பதவிக்கு வருஷா வருஷம் துறைக்குள் தேர்வு நடக்கும். நான்கு வருஷம் நான் எழுதவில்லை. இங்கிலீஷில் பேச வேண்டும், நாலு பேர் சிரிப்பார்கள், அடுத்த வருஷம் நன்றாகப் படித்துவிட்டு எழுதலாம். ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் தயாராக இருந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஐந்தாம் வருஷம் கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் படிவத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். “கையெழுத்துப் போடு. மற்றதை அப்புறம் பார்ப்போம்” என்றார். போடும்வரை நகரவே இல்லை. எனக்குக் கழுத்துக் கயிறு அந்த அக்காதான்.

எழுதினேன். தோற்றேன். வீட்டுக்கு வந்து “எனக்குத் துப்பில்லைப்பா” என்று அழுதேன். அப்பா வலை கட்டிக்கொண்டிருந்தார். “நேத்து எனக்கு மீன்பாடே இல்ல. அதுக்காக நான் கடல்காரன் இல்லைன்னு ஆயிருமா? நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுத்துச்சுன்னு பாக்கணும்” என்றார். கடலில் இறங்கும்போது நம் எல்லோருக்கும் இந்தப் புத்தி இருக்கிறது. வெறும் வலையோடு வந்தவன் மறுநாளும் போகிறான். அதே மனிதர் கரையேறிவிட்டால், பிள்ளை ஒரு தேர்வில் தவறியதும் “உனக்குப் படிப்பு வராது” என்று முடித்துவிடுகிறார்.

ராமேஸ்வரத்துக்காரரைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது. அப்துல் கலாம் விதிவிலக்கு, அவரை உதாரணம் காட்டாதீர்கள் என்று எதிரணி முன்கூட்டியே சொல்லிவிட்டது. சரி, அவருடைய வெற்றியை விட்டுவிடுகிறேன். அவர் தோற்ற நாளை எடுத்துக்கொள்கிறேன். 1979 ஆகஸ்ட் 10. அவர் திட்ட இயக்குநராக இருந்து கட்டிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கிளம்பிச் சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. அவரும் குழுவும் உட்கார்ந்து தேடினார்கள். ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்திருந்தது. ஒரு வால்வு! அதைச் சரிசெய்து 1980 ஜூலை 18 அன்று மறுபடி ஏவினார்கள், ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது. ‘நமக்கு ராக்கெட் வராது’ என்று நினைத்திருந்தால் அந்த வால்வை யார் தேடியிருப்பார்கள்?

நானும் தேடினேன். இங்கிலீஷில் நான் தோற்கவில்லை! நான்கு வருஷம் எதற்குப் பயந்தேனோ அதில் தேறியிருந்தேன். மார்க் போனது கணக்குத் தாளில். அடுத்த வருஷம் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

எதிரணித் தங்கை ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்று சொல்லிக் கைத்தட்டு வாங்கினார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவரோடு சேர்ந்தவர்களும் 96 பேரிடம் புதுப் பழக்கம் எப்படி ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைக்கும் கணக்கு வந்தது. நடுவே ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிதாகக் கெடவில்லை. 66 நாள் என்றால் நமக்கு எவ்வளவு என்று தெரியுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். அதற்கு மேல் இன்னும் ஐந்து நாள். கடல் தன்னைத் தேற்றிக்கொள்ள நாம் விடுகிற அவகாசம்தான், தங்கச்சி. மனசுக்கும் அவ்வளவு விட்டுப் பார்ப்போமே.

சின்னப்பாலத்து அக்காக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கி, பாறைகளுக்கு நடுவே கடல்பாசி எடுக்கிறவர்கள். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவிப்பு 1986இல் வந்த பிறகு, தீவுப் பக்கம் போனாலே கேள்வி. அவர்களுக்கு அது கல் மாதிரியான சூழ்நிலை. அவர்கள் சங்கமாகக் கூடினார்கள். அதிகாரிகள் முன்னால் போய் உட்கார்ந்து பேசினார்கள். மாதத்தில் சில நாள் மட்டும்தான் பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்தி, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருதை 2015இல் அமெரிக்காவில் வாங்கினார். விருதை விடுங்கள். முதன்முதலில் ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்களே, அந்த ஒரு நிமிடம் அவர்கள் மனதில் எதையெல்லாம் தாண்டியிருப்பார்கள்!

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரே நிமிடம். தீர்ப்பை நீங்கள் எப்படிச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். முன்வரிசையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த மேடைக்குப் பின்னால் டீக்கடை பெஞ்சில் கூட்டம் கலையும்வரை இருப்பேன். மார்க் பட்டியலை எடுத்துக்கொண்டு வாருங்கள். படிவத்தைச் சேர்ந்தே நிரப்புவோம். பேனா என்னிடம் இருக்கிறது.