தோண்டாமலேயே பழைய சுரங்கத்தைக் கண்டுபிடிக்கலாமா? ஒரு பேசின் மணலும் நான்கு ஆணிகளும்

[காட்சி: கறுப்புத் திரை. நீர் பாயும் ஓசை மட்டும்.]

2002ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள குவீகிரீக் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர்கள், அடுத்த பழைய சுரங்கம் இன்னும் ஏறத்தாழ 90 மீற்றர் தொலைவில் இருக்கிறதென்று காட்டிய வரைபடத்தை நம்பி வெட்டிக்கொண்டு போனார்கள். அந்த வரைபடத்தில் கடைசியாக வெட்டப்பட்ட பகுதிகள் இல்லை. கைவிடப்பட்டு நீர் நிரம்பிக் கிடந்த சக்ஸ்மன் சுரங்கத்தின் சுவர் உடைந்து வெள்ளம் உள்ளே பாய்ந்தது. ஏறத்தாழ 73 மீற்றர் ஆழத்தில் சிக்கிய ஒன்பது பேர், ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய இரும்புக் கூண்டொன்றில், 77 மணித்தியாலங்களின் பின்னர் ஒவ்வொருவராக உயிருடன் மேலே கொண்டுவரப்பட்டார்கள். இந்தியாவின் சாஸ்நாலா சுரங்கத்தில் 1975ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் திகதி வெள்ளம் புகுந்தபோது அந்த வாய்ப்பு எவருக்கும் கிடைக்கவில்லை. 370 பேருக்கு மேல் அங்கே இறந்தார்கள்.

[காட்சி: வெள்ளவத்தை, சமையலறை மேசை. நீல நிறப் பிளாஸ்ரிக் பேசினில் ஈர மணல்.]

வணக்கம் நேயர்களே. மறந்துபோன சுரங்கத்தை நிலத்தைத் தோண்டாமல் தேடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. நிலத்துக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தி, நிலம் அதற்கு எவ்வளவு தடை கொடுக்கிறதென்று அளப்பதே அந்த வழி. இதனைத் தடைத்திறன் அளவீடு என்பார்கள். பிரான்சில் கொன்ராட் ஷ்லம்பர்ஜே 1912இல் இதைக் களத்தில் செய்து பார்த்தார். அமெரிக்காவில் பிராங்க் வென்னர் சில ஆண்டுகளில் நான்கு மின்வாய்களை, அதாவது மின்னைச் செலுத்தவும் அளக்கவும் உதவும் கம்பிகளை, சம இடைவெளியில் நடும் முறையை எழுதி வைத்தார். வரலாறு இவ்வளவு போதும். மேசைக்கு வருவோம், ஏனென்றால் இன்றைய விடயம் முழுவதும் இந்தப் பேசினுக்குள்தான் இருக்கிறது.

கட்டடப் பொருட்கள் விற்கும் கடையில் வாங்கிய ஆற்று மணலைக் குழாய் நீரில் நனைத்து, பேசினில் அழுத்திப் பரப்பியிருக்கிறேன். நான்கு துருப்பிடிக்காத ஆணிகளை ஒரே வரிசையில், நான்கு சென்ரிமீற்றர் இடைவெளியில் குத்தியிருக்கிறேன். வெளிப்புற ஆணிகள் இரண்டையும் 9 வோல்ற் பற்றரியுடன் இணைத்து, ஒரு மல்ரிமீற்றரால் மின்னோட்டத்தை அளக்கிறேன். உட்புற ஆணிகளுக்கு இடையிலான மின்னழுத்த வித்தியாசத்தை இரண்டாவது மல்ரிமீற்றர் காட்டுகிறது. இந்த அழுத்த வித்தியாசத்தை மின்னோட்டத்தால் வகுத்து வரும் எண்ணைக் குறித்துக்கொள்கிறேன்.

இரண்டு ஆணிகள் போதாதா என்று கேட்பீர்கள். ஆணியின் மேற்பரப்பும் மணலும் தொடும் இடத்தில் ஒரு தடை இருக்கிறது. அது பல வேளைகளில் மணலின் தடையைவிடப் பெரியது. அளப்பதற்கென்று தனியாக இரண்டு ஆணிகளை வைத்து, அவற்றின் வழியே மின்னோட்டம் ஏறக்குறைய ஓடாமல் பார்த்துக்கொண்டால், அந்தத் தொடுகைத் தடை கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. இவ்வளவு எளிய ஒரு தந்திரம் நூறு ஆண்டுகளைக் கடந்தும் மாறாமல் நிற்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

[காட்சி: கை, வரிசையின் நடுவே மணலைத் தோண்டி ஒரு சிறு போத்தலைப் புதைக்கிறது.]

முதலில், மூடி இறுக்கிய வெறும் மாத்திரைப் போத்தல். இது காற்று நிரம்பிய சுரங்கப்பாதை. காற்று மின்னைக் கடத்தாது. மின்னோட்டம் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் எண் உயர்கிறது. பற்றரியின் முனைகளை மாற்றி இணைத்து மீண்டும் அளந்து, இரண்டின் சராசரியை எடுக்கிறேன், ஏனென்றால் ஒரே திசையில் மின்னோட்டம் நீண்ட நேரம் ஓடினால் ஆணிகளிலேயே மின்னேற்றம் சேர்ந்து அளவீடு நகரத் தொடங்கும். களத்தில் பயன்படும் கருவிகளும் இதே காரணத்துக்காக மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றிச் செலுத்துகின்றன.

இரண்டாவதாக, உப்பு நீரில் ஊறவைத்த துணிப் பொட்டலம். இது நீர் நிரம்பிய சுரங்கம். எண் விழுகிறது. பழைய சுரங்கங்களில் பைரைற்று என்ற இரும்புச் சல்பைட்டு இருந்தால், காற்றும் நீரும் பட்டு அது சல்பூரிக் அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறி, நீரை நல்ல மின்கடத்தியாக்கிவிடுகிறது. ஆகவே ஒரே சுரங்கப்பாதை, வறண்டிருந்தால் சுற்றியுள்ள பாறையைவிட அதிக தடையையும், நிரம்பியிருந்தால் மிகக் குறைந்த தடையையும் காட்டும். என் பொட்டலத்தின் உப்பு பக்கத்து மணலுக்கும் கசிந்து அடுத்த அளவீட்டைக் கெடுத்தது. பேசின் மணல் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. சுரங்க நீர் நிலத்தடி நீரில் எவ்வளவு தூரம் கலந்திருக்கிறதென்று தேடுகிறவர்கள், அந்தக் கசிவையே இதே முறையால் பின்தொடர்கிறார்கள்.

மூன்றாவது பொருளுக்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன். பழைய டோர்ச் பற்றரியொன்றின் நடுவிலிருந்து உருவிய கரிக்கோல் இது. விரல் கறுக்கிறது, பாருங்கள். மணலுக்குள் வரிசையின் நீளவாக்கில் இதைப் படுக்கவைத்தால் எண் மறுபடியும் விழுகிறது, உப்புத் துணிக்கு விழுந்ததைப் போலவே.

இது ஏன் இலங்கையருக்கு முக்கியம்? நமது பழைய சுரங்கங்களில் பல, காரீயச் சுரங்கங்கள். காரீயம் என்று நான் சொல்வது ஈயத்தை அல்ல, பென்சிலில் இருக்கும் கிராபைட்டை; அதுவும் இந்தக் கோலைப் போலக் கரியின் ஒரு வடிவமே. கேகாலை மாவட்டத்தின் போகலவிலும் குருணாகல் மாவட்டத்தின் கஹட்டகஹவிலும் இன்றும் காரீயம் வெட்டப்படுகிறது. முதலாம் உலகப் போரின்போது, உலோகம் உருக்கும் மூசைகளுக்காக இந்தக் கறுப்புக் கனியம் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது; போர் முடிந்து விலை சரிந்ததும் எத்தனையோ சிறு குழிகள் அப்படியே விடப்பட்டன. நமது காரீயம் பாறை வெடிப்புகளில் நரம்புகளாக ஓடுகிறது. அதனைச் சூழ்ந்த கடினமான நைஸ் பாறையைவிடப் பல இலட்சம் மடங்கு நன்றாக மின்னைக் கடத்துகிறது. வெட்டாமல் விட்ட காரீய நரம்பும், வெட்டிய இடத்தில் தேங்கிய நீரும், அளவீட்டில் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. ஒன்று செல்வம், மற்றது ஆபத்து.

பிரித்தறிவதற்கு ஒரு வழி இருக்கிறது. மின்னோட்டத்தைத் திடீரென்று நிறுத்திவிட்டு, அழுத்த வித்தியாசம் எப்படி இறங்குகிறதென்று கவனிக்க வேண்டும். நீர் மட்டுமே இருந்தால் அது உடனே விழுந்துவிடும். காரீயமோ சிறிது மின்னேற்றத்தைப் பிடித்துவைத்து மெதுவாகவே விடும். இந்தச் சோதனையையும் சேர்த்துச் செய்யாமல், காரீய நிலத்தில் எடுத்த தடைத்திறன் வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு வீடு கட்ட இடம் குறிப்பது பொறுப்பற்ற செயல் என்பது என் உறுதியான கருத்து.

[காட்சி: புல்வெளியில் நீண்டு செல்லும் கேபிளின் வரைபடம்.]

களத்தில் நான்கு ஆணிகளுக்குப் பதிலாக, 48 அல்லது 72 எஃகுக் கம்பிகளை ஒரே கேபிளில் இணைத்து, எந்த நான்கைப் பயன்படுத்துவதென்று கருவியே மாற்றிக்கொள்கிறது. 48 கம்பிகளை 5 மீற்றர் இடைவெளியில் நட்டால் கோட்டின் நீளம் 235 மீற்றர். வென்னர் முறையில் அதனால் எட்டக்கூடிய ஆழம் ஏறத்தாழ 40 மீற்றர். நிலம் வறண்டிருந்தால் ஒவ்வொரு கம்பியின் அடியிலும் உப்பு நீர் ஊற்றுவார்கள். சில நூறு வோல்ற் வரை பாய்வதால், மாடுகளையும் சிறுவர்களையும் கோட்டுக்கு அருகில் விடக்கூடாது. பழைய சுரங்கத்துக்காரர் விட்டுச்சென்ற தண்டவாளமும் இரும்புக் குழாயும் அளவீட்டைக் குழப்பும். கொழும்பு நகருக்குள் நிலத்தடிக் குழாய்களும் மின்கேபிள்களும் இன்னும் கூடுதலாகக் குழப்பும்.

ஆழம் கூடக் கூட விவரம் மங்குகிறது. 2 மீற்றர் அகலமான ஒரு சுரங்கப்பாதை 30 மீற்றர் ஆழத்தில் இருந்தால், தரையிலிருந்து அளக்கும்போது அதன் தடயம் ஏறக்குறைய மறைந்துவிடும். இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளுக்கு இது அவ்வளவு பெரிய சிக்கல் அல்ல, ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை ஆழம் குறைந்தவை. மாணிக்கக் கற்கள் கிடைக்கும் சரளைப் படுக்கையை அங்கே சிங்களத்தில் ‘இல்லம்’ என்கிறார்கள். நம் காதுக்கு வீடு என்று கேட்கும் அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டபோது ஒரு கணம் நின்றுவிட்டேன். அந்த இல்லத்தைத் தேடிப் பக்கவாட்டில் வெட்டிய பாதைகள் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் அடியில் எந்தக் குறிப்பும் இல்லாமல் கிடக்கின்றன.

கணினி கடைசியில் தரும் வண்ணப்படத்தை நேரில் எடுத்த புகைப்படமென்று எண்ணிவிடாதீர்கள். அளந்த எண்களுக்குப் பொருந்தும் நில அமைப்புகள் பலவற்றில் ஒன்றையே அது காட்டுகிறது. சந்தேகமான இடத்தில் துளையிட்டு, துளைக்கோல் வெறுமைக்குள் விழுகிறதா, நீர் ஏறுகிறதா என்று பார்த்த பின்னரே எதையும் உறுதியாகச் சொல்லலாம்.

ஒரு வேண்டுகோள் நேயர்களே. கேபிளைச் சுரங்கப்பாதைக்குக் குறுக்காகப் போட வேண்டும், நீளவாக்கில் போட்டால் பாதை தப்பிவிடக்கூடும். எனவே பாதை எந்தத் திசையில் போனதென்பது முதலில் தெரிய வேண்டும். உங்கள் வீட்டிலோ அயலிலோ காரீயக் குழியிலோ மாணிக்கக் குழியிலோ வேலை செய்த முதியவர்கள் இருந்தால், குழியின் வாய் எந்த மரத்தடியில் இருந்தது, உள்ளே எந்தப் பக்கம் வெட்டினார்கள் என்று இந்த வாரமே கேட்டு, கொப்பியொன்றில் படமாக வரைந்து வையுங்கள்.