பணம் எங்கே நிற்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

2023-ஆம் ஆண்டு மே முதல் தேதி. ஒரு கிராம ஊராட்சியில் கிராமசபைக் கூட்டம். ஊராட்சி ஒன்றியத்திலிருந்து பற்றாளராக, அதாவது கூட்டத்தைக் கவனிக்கும் அலுவலராகப் போய் உட்கார்ந்திருந்தேன். வரவு செலவு வாசித்து முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து கேட்டார்: "எங்க தெருவுல விளக்கு அணைஞ்சு ஆறு மாசம் ஆச்சு. இப்ப வாசிச்சீங்களே, அதுல இவ்வளவு பணம் இருக்குங்கறீங்க. வந்த பணம் எங்கதான்யா நிக்குது?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் ஊராட்சி செயலரைப் பார்த்தேன். செயலர் பதிவேட்டைப் பார்த்தார். பதில் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பாட்டிக்குப் புரியும்படி அதைச் சொல்லும் வழி எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஊரக வளர்ச்சித் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, துணை வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வுபெற்றவன் நான். அரசு மானியத்தை வாங்குகிறவர், பதிகிறவர், கையெழுத்துப் போடுகிறவர், மேலே கணக்கு அனுப்புகிறவர் என்று எல்லாருடனும் பழகியிருக்கிறேன். அவர்கள் படும் பாட்டைத்தான் இன்று பேச வந்தேன். பாட்டியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஊராட்சிக்கு வந்தது நிதிக்குழு மானியம். அரசியல் சட்டத்தின் 280-ஆவது பிரிவின்படி அமைக்கப்படும் நிதிக்குழு, 73-ஆவது திருத்தம் வந்த பிறகு ஊராட்சிகளின் நிதிநிலையையும் பார்த்துப் பரிந்துரை செய்கிறது. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு நாடு முழுவதும் உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்தது 2,36,805 கோடி ரூபாய். இந்தப் பணத்தில் 60 சதவீதம் கட்டுண்ட மானியம்: பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. மீதி 40 சதவீதம் மட்டுமே ஊர் தன் தேவைக்கேற்பச் செலவு செய்யக்கூடியது. அதிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது.

இந்த நிபந்தனையை நான் குறை சொல்ல மாட்டேன். எதையும் கட்டாமல் விட்டால் கழிவுநீருக்கும் குப்பைக்கும் கடைசியில்தான் காசு ஒதுங்கும் என்பதைப் பல ஊர்களில் பார்த்தவன். ஆனால் அந்த மே மாதம் அந்த ஊரில் நடந்தது இது: கட்டற்ற பங்கு ஒரு சிறுபாலத்தில் முடிந்துவிட்டது. ஊராட்சியின் வங்கிக் கணக்குகளில் 'கணக்கு எண் ஒன்று' என்பதில் இருந்த பொது நிதி, தண்ணீர்த் தொட்டி இயக்குபவரின் சம்பளத்துக்கும் சில்லறைச் செலவுக்கும் போயிற்று. கணக்கு எண் இரண்டு மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்ட வேண்டிய பணம், அதில் கை வைக்க முடியாது. சுகாதாரப் பங்கு மட்டும் தொடாமல் கிடந்தது. அந்தப் பணத்தில் பல்பு வாங்கினால் தணிக்கைத் தடை. பாட்டி கேட்டதற்கு நேர்ப் பதில் இவ்வளவுதான். இதைத் தலைவரால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எந்தப் பங்கில் எவ்வளவு மிச்சம் என்பது அவர் கண்ணில் படும்படி எங்கேயும் இல்லை. செயலர் கம்ப்யூட்டரைத் திறந்தால்தான் தெரியும்.

அந்தச் செயலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் கிளார்க் என்பார்கள். மானிய நிர்வாகத்தில் இவருக்குத் தீர்மானிக்கும் அதிகாரம் கிடையாது, ஆனால் இவர் கைபடாமல் ஒரு ரூபாயும் நகராது. முப்பது சொச்சம் பதிவேடுகளைக் கையால் எழுத வேண்டும். அதே கணக்கை இணையதளத்திலும் ஏற்ற வேண்டும். பக்கத்து ஊராட்சியில் செயலர் பணியிடம் காலி என்றால் அதுவும் இவர் தலையில் கூடுதல் பொறுப்பு. பகலில் வரி வசூல், மோட்டார் ரிப்பேர், ஒன்றியக் கூட்டம். "சார், ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் சர்வர் ஓடுது" என்று கண் சிவந்து வந்து நின்ற இளைஞர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பில் திரும்பி வந்த கதை சொல்கிறேன். குழாய் பதித்தவருக்குப் பணம் போக வேண்டும். முன்பெல்லாம் செக் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. இப்போது வேலை செய்தவரை முதலில் பொது நிதி மேலாண்மை அமைப்பு என்ற மத்திய அரசின் பணப் பட்டுவாடா இணையதளத்தில் விற்பனையாளராகப் பதிய வேண்டும். அவருடைய பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துத் தலைப்பெழுத்து. வங்கிப் புத்தகத்தில் அது பின்னால் போயிருக்கும். பான் அட்டையில் அந்த ஓரெழுத்து விரிந்து அப்பா பெயர் முழுசாக நிற்கும். ஒரே மனிதர், மூன்று தாளில் மூன்று பெயர். இதனாலேயே பில் இரண்டு முறை திரும்பியது. மூன்றாவது முறை பெயர் சரியாகி, வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்ததில் மாறிய ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணால் திரும்பியது. வேலையை முடித்தவர் நான்கு மாதம் அலைந்தார். அவர் கோபம் செயலர் மேல். செயலர் கோபம் எங்கள் அலுவலகத்தின் மேல். நாங்கள் மாவட்டத்துக்குப் போன் செய்து கத்தினோம். அவரவர் கோபத்தில் நியாயம் இருந்தது, ஆனால் கோபம் போய் விழுந்த இடத்தில் தவறு இல்லை. முன்பெயர், பின்பெயர் என்று பிரித்துக் கேட்கும் அந்தப் படிவத்தை வடிவமைத்தவர் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பில் போட்டுப் பார்த்திருந்தால் இந்த நான்கு மாதம் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது கையெழுத்து. மனசு கனக்கும் இடம் எனக்கு இதுதான்.

தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்தைத் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட்டுத்தான் எடுக்க வேண்டும். பணம் ஒரே கையில் சிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு. செக்குக்குப் பதிலாக மின்கையொப்பம் வந்தபோதும் இரண்டு கை வேண்டும் என்பது மாறவில்லை. ஒருவர் பதிய, ஒருவர் ஒப்ப. ஆனால் தலைவர் பதவி பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊரில், துணைத் தலைவராக வருகிறவர் பெரும்பாலும் அந்த ஊரின் நிலமும் செல்வாக்கும் உள்ள வீட்டுக்காரர். துணைத் தலைவருக்கு இடஒதுக்கீடு இல்லை. மறியல் வேண்டாம், வழக்கு வேண்டாம், கையெழுத்துப் போடாமல் இருந்தாலே போதும், தலைவரின் ஐந்தாண்டு முடிந்துபோகும்.

அப்படி ஒரு தலைவரம்மாவை எனக்குத் தெரியும். நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். மின்கையொப்பத்துக்குக் கணினியில் செருகும் சின்னக் கருவியான டோங்கிளை ஒரு சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகி வைத்திருப்பார். "இத மட்டும் யாருகிட்டயும் குடுக்க மாட்டேன் சார்" என்பார். குடிநீர்க் குழாய் பில் ஒன்றுக்காக எங்கள் அலுவலகத்துக்கு ஏழு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் துணைத் தலைவர் வெளியூரில். கூப்பிட்டுப் பேசினோம், நோட்டீஸ் கொடுத்தோம். ஊராட்சிகள் சட்டம் 203-ஆவது பிரிவில் மாவட்ட ஆட்சியருக்கு அவசர அதிகாரம் உண்டு. ஆனால் கோப்பு அங்கே போய் உத்தரவாகித் திரும்புவதற்குள் கோடை முடிந்துவிட்டது. குழாய்க்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் தலைவரம்மா. தண்ணீர் வராத தெருவில் ஏச்சு வாங்கியதும் அவர்தான். கையெழுத்துப் போடாதவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. டோங்கிள் எங்கே இருக்கிறதென்றே தெரியாத தலைவர்களும் இருந்தார்கள். செயலரின் மேசை இழுப்பறையில் ரகசிய எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி ரப்பர் பேண்டால் சுற்றி வைத்திருப்பார்கள். சில ஊர்களில் அது ஒப்பந்ததாரரிடமோ கணவரிடமோ இருக்கும். இதைக் கேட்டதும் "படிக்காதவர்களைத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான்" என்று சொல்லத் தோன்றலாம். சொல்லாதீர்கள். அவர்களுக்கு நாங்கள் கொடுத்த பயிற்சியை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மண்டபத்தில் இருநூறு பேர், சுவரில் ஆங்கிலத் திரை, மதியம் சாப்பாட்டுப் பொட்டலம், மாலை கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவோம். ஒருவர் கையிலாவது டோங்கிளைக் கொடுத்து, அவர் ஊர்ப் பில்லை அவரையே போடவைத்ததில்லை. அப்படிச் செய்த ஒரே ஒரு பயிற்சியாளரை அறிவேன். அவரிடம் கற்ற பெண் தலைவர்கள் செயலரைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

இனி என் நாற்காலிக்கு வருகிறேன். செலவு நடந்தது என்று மேலே எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான். பயன்பாட்டுச் சான்றிதழ், எங்கள் பேச்சில் யூ.சி. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், மானியம் வாங்கியவர் நிதியாண்டு முடிந்த 12 மாதத்துக்குள் இதைத் தர வேண்டும் என்கின்றன. தராவிட்டால் அடுத்த தவணை சிக்கும். முறைதான். ஆனால் பிப்ரவரி பிறந்தால் எங்களிடம் கேட்கப்படுவது ஒரே ஒரு எண்: எத்தனை சதவீதம் செலவு? காணொலிக் கூட்டத்தில் ஒன்றியங்களின் பெயரை வரிசையாக வாசிப்பார்கள். கடைசியில் இருப்பவர் எழுந்து நிற்க வேண்டும்.

நானும் நின்றிருக்கிறேன். நின்றுவிட்டு வந்த மறுநாள் செயலர்களைக் கூப்பிட்டு, "எது சீக்கிரம் முடியுமோ அந்த வேலையை எடுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். சீக்கிரம் முடிவது உறிஞ்சுகுழி. தேவை இருந்த ஊரிலும் தோண்டினோம், இல்லாத ஊரிலும் தோண்டினோம். அடுத்த மழையில் மண் மூடிப்போன குழிகளை ஆய்வுக்குப் போகும்போது பார்ப்பேன். அந்தக் குழிகளுக்கு நான் பொறுப்பு. இதை வெளியே சொல்ல வேண்டும் என்று பல நாள் நினைத்ததுண்டு.

ஒரு மார்ச் 28-ஆம் தேதி, ஒரு ஊராட்சியில் தலைவரின் மின்கையொப்பம் காலாவதி ஆகிவிட்டது. புதுப்பிக்க அடையாள ஆவணம், காணொலிச் சரிபார்ப்பு, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல். பதிவான கைப்பேசி எண்ணோ அவருடைய மகனுடையது, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருக்கிறார். வேலையை அளந்து எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் எழுதி, ஓவர்சியர் கையெழுத்தான ஆறு பில்கள் அந்தக் கடவுச்சொல்லுக்காக நான்கு நாள் காத்துக் கிடந்தன. ஒரு மாதம் முன்னாலேயே "உங்கள் கையொப்பம் முடியப்போகிறது" என்று தமிழில் ஒரு வரி வந்திருந்தால் போதும்.

இவ்வளவு சிக்கல் இருக்கிறதே, எல்லாவற்றையும் அதிகாரிகளிடம் விட்டால் என்ன என்று என் நண்பர்களே கேட்பதுண்டு. விட்டுப் பார்த்திருக்கிறோம். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்து, தேர்தல் தள்ளிப்போய், பெரும்பாலான மாவட்டங்களில் 2020 ஜனவரி தொடக்கம் வரை ஊராட்சிகளை அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதி மன்றங்களின் காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர்கள். பில் வேகமாகப் போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் முப்பது நாற்பது ஊராட்சிகள். அந்தப் பாட்டி எழுந்து கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அந்த ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார். மேலும், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊராட்சிக்கு மானியமே கிடையாது என்பதுதான் 15-ஆவது நிதிக்குழு வைத்த நிபந்தனை.

நான் கேட்பது சில சிறிய மாற்றங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் ஏழு நாளில் போடவில்லை என்றால், போடாத காரணத்தை எழுதித் தர வேண்டும். காரணமும் தராவிட்டால் அந்த ஒரு பில்லுக்கு அவர் கையெழுத்து இல்லாமலே ஒன்றிய அலுவலர் ஒப்புதலோடு பணம் போக வேண்டும், அவர் பெயர் அடுத்த கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும். ஒரு விதியை மாற்றுவதற்கு முன் பத்து செயலர்களையும் பத்து தலைவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும். நிற்கிற பில் யாரிடம் நிற்கிறது என்பது ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டத்தையும் வரவு செலவையும் கடவுச்சொல் இல்லாமலே பார்க்கலாம். கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்கு அதைத் திறந்து காட்டுங்கள்.

பாட்டியின் ஊருக்கு ஆகஸ்ட் 15 கிராமசபைக்கு நானே கேட்டு வாங்கிப் போனேன். இந்த முறை ஒரு சார்ட் அட்டை எடுத்துப்போனேன். குடிநீர், சுகாதாரம், கட்டற்ற பங்கு என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது, எந்த வேலைக்கு, இப்போது யார் மேசையில். எட்டாவது படிக்கும் ஒரு பெண் அதைச் சத்தமாக வாசித்தாள். பாட்டி கடைசிவரை கேட்டுவிட்டு, "இந்த மூணாவது கட்டத்துக்கு மறுபடி எப்போ பணம் வரும்?" என்றார். நிதிக்குழு சொன்ன இரண்டாவது தவணை அக்டோபரில் என்றேன். "அப்ப, வந்தவுடனே முதல் செலவு விளக்குன்னு நோட்டுல எழுதுங்க" என்றார். செயலர் எழுதினார். பாட்டி பக்கத்தில் வந்து நின்று, எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தார்.

தவணை தாமதமாகத்தான் வந்தது. தை பிறந்த பிறகு அந்தத் தெருவில் விளக்கு எரிந்தது.

நன்றி. வணக்கம்.