மூன்றடி ஏரியில் முக்கால் மணி நேரம்

வணக்கம் நண்பர்களே. ஏரி என்றாலே கரையில் நின்று மட்டும் படம் பிடிப்பவன் என்று என்னைக் கேலி செய்து நீங்கள் எழுதிய பின்னூட்டங்களுக்கெல்லாம் பதிலாக, போன சனிக்கிழமை இங்கிலாந்தின் சஃபோக் கடலோரத்தில் இருக்கும் தோர்ப்னஸ் என்னும் சிற்றூருக்குச் சென்று, தன்னந்தனியாகத் துடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். நீச்சல் தெரியாத நான் துணிந்தது வீரத்தால் அன்று. 'மியர்' எனப்படும் அந்த ஏரியின் ஆழம் ஏறக்குறைய மூன்றடிதான் என்பதால்.

மீனவர் குடிசைகள் இருந்த இவ்வூரை விடுமுறைக் கிராமமாக மாற்ற முனைந்த கிளென்கெய்ர்ன் ஸ்டூவர்ட் ஓகில்வி, சதுப்பு நிலத்தை ஆட்களைக் கொண்டு தோண்டச் செய்து, 60 ஏக்கருக்கு மேல் விரிந்த இந்த ஏரியை 1913-இல் திறந்தார். பிள்ளைகள் அச்சமின்றிப் படகோட்டுவதற்காகவே ஆழத்தைக் குறைத்து வைத்தார். 'பீட்டர் பான்' என்னும் சிறுவர் கதையைப் படைத்த ஜே. எம். பாரி அவருடைய நண்பர் என்பதால், ஏரித் தீவுகளில் அக்கதையில் வரும் கடற்கொள்ளையர் பதுங்கிடமும் வெண்டி என்னும் சிறுமியின் வீடும் இருக்கின்றன. வாடகைப் படகுகள் சிலவற்றுக்கு வயது நூறுக்கு மேல். எனக்குக் கிடைத்த பச்சைப் படகின் துடுப்புப்பிடி, பல தலைமுறைக் கைகள் பட்டு வழவழப்பாக இருந்தது.

கொள்ளையர் பதுங்கிடத்தை நெருங்கிப் படம் பிடிக்கும் ஆசையில் நாணலுக்குள் படகை விட்டது என் தவறு. தரை தட்டிவிட்டது. துடுப்பை ஊன்றித் தள்ளினால், படகு நகரவில்லை. கரிய சேறுதான் துடுப்போடு மேலே வந்தது. அவ்வழியே வந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, "இறங்கித் தள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பியும் பாராமல் போனாள். சொல்வது எளிது, அன்றுதான் முதன்முதலாகப் போட்டிருந்த வெள்ளைக் காலணியை அவள் கவனிக்கவில்லை.

சொல்ல மறந்துவிட்டேன், அந்த முக்கால் மணி நேரமும் மரங்களுக்கு மேலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது 'மேகங்களில் வீடு'. அது 1923-இல் தண்ணீர்த் தொட்டியாகக் கட்டப்பட்டது. வெறும் தொட்டி கண்ணை உறுத்தும் என்று அதற்குச் சன்னலும் கூரையும் வைத்து வீடாக வேடமிட்டார்கள். அருகிலுள்ள காற்றாலைதான் அதற்கு நீரேற்றியது. ஏரியைவிட எனக்கு அந்த வேடம்தான் மிகவும் பிடித்திருக்கிறது.

கடைசியில் இறங்கினேன். தண்ணீர் முழங்காலைக்கூடத் தொடவில்லை. ஒரே தள்ளில் படகு மிதந்தது. காலணி இன்னும் காயவில்லை. அந்தச் சேற்று வாடை இந்த அறை முழுவதும் இருக்கிறது.