அப்பாவுக்குத் தோழனாகிய மகன்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

தென் கொரியாவின் டிவிஎன் அலைவரிசையில் 2023 செப்டம்பர் 25 முதல் நவம்பர் 14 வரை, 16 பகுதிகளாக ஒளிபரப்பான ‘ட்விங்கிளிங் வாட்டர்மெலன்’ என்னும் தொடரைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். பள்ளிப் பிள்ளைகள் பாட்டும் கருவியுமாகக் கூடும் கதைகள் கொரியாவுக்குப் புதியவை அல்ல. 2011இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்ற ‘ட்ரீம் ஹை’ போன்ற தொடர்களில் மாணவர்களின் கண் மேடையின் மீதும் புகழின் மீதும் பதிந்திருக்கும். ஜின் சூ-வான் எழுதிய இந்தத் தொடரிலோ, இசை ஒருவர் இன்னொருவரின் வாழ்க்கைக்குள் நுழைவதற்கான வாசலாக இருக்கிறது. என் மனத்தை இது பிடித்துக்கொண்டதற்கு முதல் காரணம் அதுவே.

கதையின் நாயகன் யுன்-கியோல் பதினெட்டு வயது மாணவன். தாய், தந்தை, அண்ணன் மூவருக்கும் காது கேட்காது. வீட்டில் கேட்கும் திறன் உள்ளவன் இவன் ஒருவன்தான். இத்தகைய குடும்பங்களில் பிறக்கும் பிள்ளைகள், தாங்களே இன்னும் குழந்தைகளாக இருக்கும்போதே, பெற்றோருக்கும் வெளியுலகுக்கும் நடுவே நின்று பேச்சைச் சைகையாகவும் சைகையைப் பேச்சாகவும் மாற்றித் தரும் பொறுப்பை ஏற்றுவிடுகிறார்கள். படிப்பில் முதல் மாணவனாக, பெற்றோர் பெருமைப்படும் மகனாக வளரும் யுன்-கியோல், வீட்டுக்குத் தெரியாமல் ஓர் இசைக்குழுவில் கிதார் வாசிக்கிறான். தன் பெற்றோரால் கேட்கவே முடியாத ஒன்றின் மீது தான் கொண்ட பேராசை அவர்களுக்கு இழைக்கும் துரோகமோ என்ற குற்றவுணர்வு அவனை அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்த நிலையில் ஓர் இசைக்கருவிக் கடையின் வழியாக அவன் 1995ஆம் ஆண்டுக்குள் போய் விழுகிறான். அங்கே தன் வயதையே உடைய, காது நன்றாகக் கேட்கிற, வாய் ஓயாமல் பேசித் திரிகிற யி-சான் என்ற பையனைச் சந்திக்கிறான். அவன்தான் யுன்-கியோலின் தந்தை.

இந்தச் சந்திப்பின் ஆழம் புலப்பட, கொரியச் சமூகத்தின் ஒரு வழக்கத்தை நாம் அறிந்திருக்க வேண்டும். அங்கே ஓராண்டு மூத்தவரிடம்கூடப் பேச்சு மரியாதை வழக்குக்கு மாறிவிடும். தடையின்றி ‘வாடா, போடா’ என்று பேசும் உரிமை பெரும்பாலும் ஒத்த வயதினருக்கே உண்டு. ஆகவே, மகன் தந்தையோடு தோளில் கைபோட்டு, சண்டையிட்டு, மறுபடி சமாதானமாகி, ஒரே குழுவில் பாட்டுக்கு ஒத்திகை பார்க்கிறான் என்பது, காலம் புரண்டால் ஒழிய நிகழவே முடியாத அதிசயம். கைகளால் பேசிப் பார்த்தே பழகிய தந்தையின் குரலை, அதன் துள்ளலை, அதன் அசட்டுத் துணிச்சலை அவன் முதன்முதலாகக் காதால் கேட்கிறான். கிதாரில் தேர்ந்த மகனும் கிதாரைப் பிடிக்கவே தெரியாத தந்தையும் ஒரு குழுவில் சேர்கிற பகுதிகளில் சிரிப்பு நிறைய இருக்கிறது; அந்தச் சிரிப்பின் அடியில், இந்தப் பையன் ஒருநாள் விபத்தில் கேட்கும் திறனை இழக்கப்போகிறான் என்ற அறிவு மகனின் முகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. யுன்-கியோலாக ரியோவுனும், யி-சானாக சோய் ஹியூன்-வூக்கும் நடித்திருக்கிறார்கள்.

தொடரின் இன்னொரு பாதி சோங்-ஆவுடையது. பிற்காலத்தில் யுன்-கியோலின் தாயாகப்போகும் இந்தப் பெண் செல்வக் குடும்பத்தில் பிறந்தவள். பிறவியிலேயே காது கேளாதவள். 1995இல் அவளுக்குச் சைகை மொழி கற்றுத் தருவாரும் இல்லை. தாயின் கைகளைப் பார்த்துத் தான் கற்ற மொழியை மகன் திரும்பத் தாய்க்கே கற்பிக்கும் காட்சிகளை நான் இந்தத் தொடரின் உயிர்நிலையாகவே கருதுகிறேன். கொரியச் சைகை மொழியை, பேசப்படும் கொரிய மொழிக்கு நிகரான ஆட்சித் தகுதியுடைய மொழியாக ஏற்கும் சட்டம் 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பல பத்தாண்டுகளில், உதட்டசைவைப் படித்தும் ஓசையை எழுப்பியும் பேச்சுக்குள் வந்தாக வேண்டும் என்ற வற்புறுத்தலே பிள்ளைகளின் மேல் ஓங்கியிருந்தது. சோங்-ஆவின் தனிமை ஒரு வீட்டின் கொடுமையால் மட்டும் விளைந்ததன்று என்பதை இந்த வரலாறு உணர்த்துகிறது.

1995 என்ற ஆண்டும் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. சோ தாய்ஜி என்ற பாடகரின் கொரிய இசைக்குழுவினர் அந்த ஆண்டு வெளியிட்ட பாடல் தொகுப்பில் ஒரு பாட்டின் வரிகளைத் தணிக்கையாளர் ஏற்காததால், அவர்கள் சொற்களையே நீக்கி வெறும் இசையாக அதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் பாடல்களுக்கான முன்தணிக்கை முறையே ஒழிந்தது. சியோலின் ஹொங்டே பகுதியில் சிறிய அரங்குகளில் இளைஞர்களின் ராக் குழுக்கள் முளைத்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். 1997 இறுதியில் நாட்டை உலுக்கிய பொருளாதார நெருக்கடி இன்னும் வந்திருக்கவில்லை.

குறைகளும் உண்டு. சோங்-ஆவின் சிற்றன்னை, கொரியத் தொடர்களில் நாம் பலமுறை பார்த்துப் பழகிய கொடுமைக்காரி. அவளுக்கென்று ஒரு மனம் எழுதப்படவில்லை. காது கேளாத முதன்மைப் பாத்திரங்களைக் கேட்கும் திறனுள்ள நடிகர்கள் ஏற்றிருப்பதும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆனாலும் சோங்-ஆவாக வரும் ஷின் யுன்-சூ, குரலின் துணையில்லாமல் கோபத்தையும் காதலையும் கண்ணாலும் விரலாலும் உணர்த்தும் திறம் பெரிது.

என்னை முற்றிலும் வென்றது விபத்துக்குப் பின் வரும் பகுதி. மகன் எவ்வளவு முயன்றும் விபத்து நேர்ந்தே விடுகிறது. யி-சான் கேட்கும் திறனை இழக்கிறான். இறந்த காலத்துக்குச் சென்றவன் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவான் என்ற எளிய ஆறுதலைத் தொடர் நமக்குத் தரவில்லை. இசைதான் உயிர் என்று திரிந்த பையன் ஓசையற்ற உலகில் கண் விழிக்கும்போது, அந்த உலகில் முன்பே வாழ்ந்துகொண்டிருக்கும் சோங்-ஆ அவனுக்குத் துணையாகிறாள். அவன் அதுவரை இவளுக்காகப் பழகிய சைகைகள் இப்போது அவனுக்கே மொழியாகின்றன.

இதைப் பார்க்க நினைக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல தொடர்களை நாம் அடுக்களை வேலையோ வேறு வேலையோ பார்த்தபடி காதால் பின்தொடர்ந்துவிடுவோம். இதை அப்படிப் பார்க்க இயலாது. முக்கியமான உரையாடல்கள் பல கைகளால் நிகழ்கின்றன. கண்ணை எடுக்காமல் உட்கார ஒரு மணி நேரம் கிடைக்கும் நாளில் முதல் பகுதியைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.