பளபளக்கும் மர வேகனா? வாங்குமுன் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள்!

(திரையில்: இரண்டு நீளமான பழைய வண்டிகள் அருகருகே)

இரண்டுமே 1976 மாடல் ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயர், பக்கவாட்டில் மரம் ஓடும் அமெரிக்கக் குடும்ப வேகன். கேட்கும் விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இடதுபக்கம் இருப்பது அமெரிக்காவின் அரிசோனா மாநில வண்டி. பக்கவாட்டில் இருக்கும் மரம், மூன்று தடவை கொதித்த டீத்தூள் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. வலதுபக்கம் இருப்பது ஒஹாயோ மாநில வண்டி. நேற்றுதான் வார்னிஷ் அடித்ததுபோல் மின்னுகிறது.

எதை வாங்குவீர்கள்? வீடியோவை நிறுத்திவிட்டு இப்போதே கமெண்டில் எழுதுங்கள். முடிந்த பிறகு மாற்றக் கூடாது!

நான் வெளுத்துப்போனதைத்தான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன். பளபளக்கும் வண்டியை நேரில் போய், கைவைத்துப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன்.

(திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்)

வரலாறு வேகமாக. ரயில் நிலையத்திலிருந்து ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிவந்த வண்டி என்பதால் இதற்கு ஸ்டேஷன் வேகன் என்று பெயர். 1929-இல் ஃபோர்டு தன் மாடல் ஏ வரிசையில் ஒரு வேகனைக் கொண்டுவந்தது. அதன் உடம்பு நிஜ மரம். மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே அயர்ன் மவுன்டன் என்ற ஊரில் ஃபோர்டுக்குச் சொந்தமாகக் காடும் மரம் அறுக்கும் ஆலையும் இருந்தன. இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கலாம், எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் இது. அங்கே மிஞ்சிய மரத்துண்டுகளை வீணாக்காமல் கரிக்கட்டிகளாக்கி, ஃபோர்டு கரி என்றே விற்றார்கள். கார் ஷோரூமிலேயே கரி மூட்டையும் கிடைக்கும்! அதுதான் பிற்பாடு கிங்ஸ்ஃபோர்டு கரி. இன்றும் அமெரிக்காவில் கொல்லைப்புறத்தில் இறைச்சி சுடுகிறவர்கள் தேடி வாங்கும் கரி அது. கார் கம்பெனியின் மரத்தூளில் தொடங்கிய வியாபாரம் என்பது அங்கேயே பலருக்குத் தெரியாது.

சரி, வண்டிக்கு வருவோம். கன்ட்ரி ஸ்கொயர் 1950-இல் வந்தது. 1952-இல் உடம்பு முழுக்க எஃகாகிவிட்டது. அதற்குப் பிறகு பக்கவாட்டில் அகலமாக நீங்கள் பார்க்கும் ‘மரம்’ தகட்டின்மேல் ஒட்டிய படலம். டை-நாக் என்று பெயர், 3எம் கம்பெனியின் சரக்கு. இன்றும் அதே பெயரில் லிஃப்ட் சுவருக்கும் அலுவலகக் கதவுக்கும் ஒட்டும் படலம் விற்கிறது. நம் பேச்சில் ஸ்டிக்கர் என்றே சொல்லிவிடலாம். மினிவேன் வந்து குடும்பங்களை இழுத்துக்கொண்டதும் வேகன்களின் காலம் முடிந்தது. கன்ட்ரி ஸ்கொயர் 1991-இல் நின்றது. இதேபோல் மர ஸ்டிக்கரோடு வந்த பழைய ஜீப் கிராண்ட் வேகனியரும் அதே வருடம்தான்.

(திரையில்: பக்கவாட்டுக் கதவு, மிக அருகில்)

இனி ஸ்டிக்கர். இந்த வீடியோவில் பாதி நேரம் இதற்குத்தான், ஏனென்றால் ஏமாறும் இடம் இதுதான்.

நம் வீட்டுச் சமையலறை அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். பிளைவுட்டின்மேல் சன்மைக்கா. வருடக்கணக்கில் வெயில் பட்டால் சன்மைக்கா நிறம் மங்கும். அதனால் அலமாரிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சிங்க் பக்கத்தில் ஒரு முனை மட்டும் வாயைப் பிளந்து உப்பியிருக்கிறது என்றால், உள்ளே பிளைவுட் ஊறிவிட்டது என்று நம் அம்மாக்களுக்கே தெரியும். வேகனிலும் அதே கணக்குதான். மேலே மங்கினால் அது வெயில். கீழிருந்து உப்பினால் அது தண்ணீர்.

அரிசோனாவில் வெயில் ஸ்டிக்கரைச் சாப்பிடும், ஆனால் காற்று வறண்டது, தகடு பிழைத்துக்கொள்ளும். ஒஹாயோவில் குளிர்காலத்தில் சாலையில் பனி உருக உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்புத்தண்ணீர் மட்கார்டு மடிப்பிலும் கதவின் அடி விளிம்பிலும் போய் உட்கார்ந்து தகட்டை அரிக்கும். அதனால் மரம் வெளுத்திருப்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அந்த வண்டி எங்கே வாழ்ந்தது என்பதற்கு அது ஒரு தடயம். மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடியிருந்தாலும் பெரும்பாலும் வெயில் வேலைதான்.

கொப்புளம் இருந்தால் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கி எழுந்தால் பசை விட்டிருக்கிறது, அவ்வளவுதான். அப்பளம் நொறுங்குவதுபோல் விரலுக்கடியில் கரகரத்தால் அது துரு. தகடு செதில் செதிலாகப் பெயர்ந்து ஸ்டிக்கருக்குள் மூட்டை கட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது, எனக்கு ரொம்பச் சுவாரசியமான விஷயம். பூப்போட்ட மேசைவிரிப்பில் குழம்புக் கறை சட்டென்று தெரியுமா? தெரியாது. மர வரிகளும் அப்படித்தான் கண்ணை ஏமாற்றும். வெற்றுக் கறுப்புப் பெயிண்டில் சின்ன நெளிவு இருந்தாலும் டியூப்லைட் வெளிச்சம் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். மர வரியின்மேல் அந்த வெளிச்சம் உடைந்துபோகும். அதனால் நேராக நின்று பார்த்துப் பயனில்லை. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில், வண்டியின் பின்மூலையில் குனிந்து, கன்னத்தை உடம்போடு ஒட்டினாற்போல் வைத்து, முன்பக்கம் நோக்கி ஒரு கண்ணால் பாருங்கள். டிங்கரிங் செய்த இடம் அலை அலையாகத் தெரியும்.

(திரையில்: துணியில் சுற்றிய சின்னக் காந்தம்)

இப்போது அந்த ஒஹாயோ வண்டி. ஓனர் நல்ல மனிதர், காபி கொடுத்துத்தான் வண்டியைக் காட்டினார். ஏறத்தாழ 5.7 மீட்டர் நீளம், நம் இன்னோவாவைவிட ஒரு மீட்டர் அதிகம். சுற்றிவரவே நேரம் பிடிக்கிறது. நான் முதலில் பின்கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பார்த்தேன். தொழிற்சாலையில் ஒட்டிய ஸ்டிக்கர் கதவு விளிம்பைச் சுற்றி உள்ளே மடிந்திருக்கும், அந்த மடிப்பில் வெயில் படாத பழைய நிறம் இருக்கும். இதில் மடிப்பே இல்லை. விளிம்போடு பிளேடால் நேராக வெட்டிவிட்டிருந்தார்கள். அதாவது ஸ்டிக்கர் புதிது.

புதிது என்பது குற்றமில்லை. ஆனால் பழைய ஸ்டிக்கரை எடுப்பது லேசான வேலையும் இல்லை. ஹீட் கன்னால் சூடு காட்டிச் சுரண்டினாலும் நகத்தளவு சில்லாகத்தான் வரும். இவ்வளவு பாடுபட்டு ஒருவர் எடுத்திருக்கிறார் என்றால் அடியில் என்ன இருந்தது, என்ன செய்தார்? பழையதை எடுத்தபின் வெறும் தகடு தெரியும் படம் ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அவர் வாங்கும்போதே இப்படித்தான் இருந்ததாம்.

காந்தத்தை எடுத்தேன். ஸ்டிக்கர் விசிட்டிங் கார்டைவிட மெல்லியது, காந்தத்தைத் தடுக்காது. கதவின் நடுவில் வைத்ததும் டக்கென்று பிடித்தது. அப்படியே பின்சக்கரத்தை நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தேன். மட்கார்டு வளைவுக்கு நான்கு விரற்கடை மேலே பிடி தளர்ந்தது. இன்னும் இரண்டு விரற்கடை இறக்கினேன். தகடு இழுக்கவே இல்லை, காந்தம் என் கையோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் இருந்தது எஃகு இல்லை, பட்டி. துருப்பிடித்த ஓட்டையைப் பட்டியால் அடைத்து, அதன்மேல் அழகாக மரம் ஒட்டியிருக்கிறார்கள்.

(திரையில்: வெளிர்நிறச் சட்டம்)

ஸ்டிக்கரைச் சுற்றி வெளிர்நிறத்தில் மரச்சட்டம்போல ஓடுகிறதே, அதைத் தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள். ஸ்டிக்கரை இன்றைக்கும் புதிதாக வாங்கி ஒட்டிவிடலாம். இந்தச் சட்டம் மாடலுக்கு மாடல் வேறு, இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு. வயதான பிறகு கழற்றினாலே முறுக்கு மாதிரி உடையும். ஒரு துண்டு காணவில்லை என்றால் அதே மாடல் பழைய வண்டியைத் தேடிப்பிடித்துக் கழற்ற வேண்டும். அதனால் சொல்கிறேன்: மரம் வெளுத்து, சட்டம் முழுசாக இருக்கும் வண்டி, மரம் மின்னிச் சட்டம் குறையும் வண்டியைவிட எவ்வளவோ மேல். சட்டத்தை மாட்டத் தகட்டில் துளை போட்டிருப்பார்கள், துரு அங்கிருந்தும் கிளம்பும். ஓரங்களில் பழுப்புக் கறை வடிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

டிக்கிக் கதவு. 1966 முதல் ஃபோர்டு வேகன்களில் இது கீழ்நோக்கி மடங்கியும் திறக்கும், சாதாரணக் கதவுபோல் பக்கவாட்டிலும் திறக்கும். அருமையான வேலை! ஆனால் கண்ணாடி இந்தக் கதவுக்குள்தான் இறங்குகிறது. பீடிங் ரப்பர் காய்ந்துவிட்டால் மழைத்தண்ணீரும் கூடவே இறங்கும். வடிகால் துளை அடைத்துக்கொண்டால் அடிப்பகுதி உள்ளிருந்து அழுகும். கதவைத் திறந்து அடி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கடைசி வரிசைச் சீட்டுக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கி முகர்ந்தும் பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. பம்பர் குரோம் மங்கினால் மறுபடி முலாம் பூசலாம், ஆனால் துத்தநாக வார்ப்பில் செய்த சின்னச் சின்ன அலங்காரங்களில் குழி விழுந்தால் சரிசெய்வது கடினம். அரிசோனா வண்டியில் டேஷ்போர்டு வெடித்திருக்கும், அதை எதிர்பார்த்தே போங்கள். கூரைத் துணி தொங்கினால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள், கவலைப்பட வேண்டாம்.

(திரையில்: மறுபடி ஒஹாயோ வண்டி)

காந்தம் பிடிக்காத இடத்தைக் காட்டியதும் அந்த ஓனர் ஒன்றும் பேசவில்லை. காந்தத்தை என்னிடமிருந்து வாங்கி, அவரே மட்கார்டில் வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக அந்தப் பக்கம் முழுக்க, கதவு கதவாக வைத்துக்கொண்டே போனார். முன்சக்கரம்வரை போய்விட்டு, மறுபக்கத்துக்கும் போனார். நான் காபி டம்ளரைப் படியில் வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.