ஈஸ்டர் கூடையில் மிட்டாய்க்குப் பதில் என்ன வைக்கலாம்? 1 முதல் 3 வயதுக் குழந்தைகளுக்கான விளக்க வீடியோ

[காட்சி: தரையில் ஒரு கூடை. குழந்தை அதை இரு கைகளாலும் பிடித்துக் கவிழ்க்கிறது.]

வணக்கம். நடக்கப் பழகிய குழந்தையின் முன்னால் ஈஸ்டர் கூடையை வைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பவற்றில் எது விலை உயர்ந்தது, எது இனிப்பு என்றெல்லாம் அது ஆராய்வதில்லை. கூடையைக் கவிழ்க்கும். கொட்டியதை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் போடும். நிரம்பியதும் மறுபடி கவிழ்க்கும். ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை குழந்தைகள் அலுக்காமல் செய்யும் வேலை இது. கண்ணிலிருந்து மறைந்த பொருள் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்பதும், பெரியது சிறியதற்குள் நுழையாது என்பதும் கைகளின் வழியாகத்தான் அதற்குப் புரிகின்றன.

ஆகவே கூடையில் எதை வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: போட, எடுக்க, திறக்க, மூட, தூக்கிக்கொண்டு நடக்கத் தோதான பொருட்கள். அவையும் நான்கைந்து போதும்.

[காட்சி: புல்லில் ஒரு கூடு. கூட்டில் சாயமிட்ட முட்டைகள்.]

இந்த வழக்கம் தொடங்கியபோது அதில் மிட்டாயே கிடையாது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையையும் கிறிஸ்தவர்கள் விலக்கி வைத்திருந்த காலம் அது. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தவில்லை. சேர்ந்துபோன முட்டைகளை வேகவைத்து, சாயமேற்றி, பண்டிகையன்று பகிர்ந்துகொண்டார்கள். முயல் வந்து முட்டைகளை ஒளித்து வைத்துவிட்டுப் போகும் என்ற ஜெர்மானியக் கதையை, ஃபிராங்கெனாவ் என்ற மருத்துவர் 1682ஆம் ஆண்டிலேயே எழுத்தில் பதிவு செய்திருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் இந்தக் கதையையும் தங்களோடு கொண்டுபோனார்கள். முயல் வருமென்று பிள்ளைகள் தங்கள் தொப்பிகளிலேயே கூடு கட்டி வைத்தார்கள். அந்தக் கூடுதான் பிற்காலத்தில் கூடையானது. சாக்லேட் முட்டைகள் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தன. மிட்டாயை எடுத்துவிட்டால் பண்டிகையின் அழகே போய்விடும் என்று கவலைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

[காட்சி: உருண்டை மிட்டாய்கள் மேசையில் உருள்கின்றன.]

சின்னக் குழந்தைக்கு மிட்டாய் வேண்டாம் என்பதற்குச் சர்க்கரை ஒரு காரணம். இரண்டு வயது வரை சர்க்கரை சேர்த்த உணவே வேண்டாம் என்று 2020-2025க்கான அமெரிக்க உணவு வழிகாட்டி நெறிகள் சொல்லின. ஆனால் சர்க்கரையை விட எனக்குப் பெரிய பயம் மூச்சுத் திணறல். இந்த வயதில் கடைவாய்ப் பற்கள் முழுமையாக முளைத்திருக்காது. அரைத்து விழுங்கும் பழக்கமும் வந்திருக்காது. மூச்சுக்குழாயோ மிகக் குறுகல். வழுக்கும் ஜெல்லி மிட்டாயோ கடினமான உருண்டை மிட்டாயோ அதில் போய் அடைத்துக்கொண்டால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. மிட்டாய்க்குப் பதில் முழுத் திராட்சையையும் கொட்டைகளையும் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே ஆபத்து அவற்றிலும் உண்டு.

பொம்மைகளுக்கும் இதே அளவுகோல்தான். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். குழந்தையின் தொண்டையை மனதில் வைத்துத் தீர்மானித்த அளவு அது. பொம்மையோ, அதிலிருந்து கழன்ற துண்டோ முழுவதுமாக அந்த உருளைக்குள் அடங்கிவிட்டால் விற்கக்கூடாது. பந்து என்றால் இன்னும் கெடுபிடி: அமெரிக்க விதியின்படி அதன் விட்டம் 44.4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும்.

[காட்சி: கழிவறைக் காகிதச் சுருளின் வெற்று அட்டைக் குழாய். அதற்குள் ஒரு பொம்மையின் சக்கரம் நுழைந்து கீழே விழுகிறது.]

வீட்டில் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கழிவறைக் காகிதம் தீர்ந்ததும் எஞ்சும் அட்டைக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாய் சோதனை உருளையை விடச் சற்று அகலம். அதனால் நம் சோதனை இன்னும் கடுமையானது. கூடைக்கு வாங்கிய ஒவ்வொன்றையும் அதில் போட்டுப் பாருங்கள். பிறகு இழுத்துப் பாருங்கள், திருகிப் பாருங்கள், கழன்று வரும் பாகத்தையும் போட்டுப் பாருங்கள். உள்ளே நழுவுகிறதென்றால் அந்தப் பொருள் கூடைக்கு வேண்டாம்.

இப்போது பரிசுகளுக்கு வருவோம்.

[காட்சி: பெரிய பிளாஸ்டிக் முட்டை. சிறு விரல்கள் அதைப் பிரிக்கின்றன.]

முதலில் முட்டை. ஈஸ்டர் கூடைக்கு முட்டை வேண்டும்தான். இரண்டாகப் பிரியும் பெரிய பிளாஸ்டிக் முட்டையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கை பிடித்துக்கொள்ள, மறு கை இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்கின்றன. ஒரு வயதுக் குழந்தைக்கு இது எளிதல்ல. முதலில் நீங்கள் பாதி திறந்து கொடுங்கள். "டப்" என்று பிரியும் ஓசைக்காகவே திரும்பத் திரும்பக் கேட்கும். இரண்டு வயதைத் தாண்டியதும் மூடக் கற்றுக்கொள்ளும். மூடுவதற்கு விளிம்போடு விளிம்பு பொருந்த வேண்டும், அதனால்தான் அது பின்னால் வருகிறது. மூன்றை நெருங்கும் குழந்தை நிறம் பார்த்துச் சேர்க்கும். மஞ்சள் பாதியோடு நீலப் பாதியைச் சேர்த்துவிட்டு, "இல்லை" என்று தானே தலையாட்டிப் பிரிக்கும் தருணம் ஒன்று வரும். அதை அருகில் உட்கார்ந்து பாருங்கள்.

முட்டைக்குள் என்ன வைப்பது? மடித்த பட்டுத் துணி அல்லது மெல்லிய கைக்குட்டை. ஒரு முனையை வெளியே விட்டு மூடினால், குழந்தை அதைப் பிடித்து இழுக்கும். துணி வந்துகொண்டே இருக்கும். அதே துணியைத் தலையில் போட்டால் கண்ணாமூச்சி, பொம்மை மேல் போட்டால் போர்வை. கழுத்தில் மட்டும் சுற்றிக்கொள்ள விடாதீர்கள்; நீங்கள் அருகில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். அரிசியோ பருப்போ உள்ளே போட்டு, நாடா ஒட்டி, கிலுகிலுப்பை செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாடாவைக் கடித்துப் பிரிப்பது குழந்தைக்குப் பெரிய வேலையே அல்ல. மரத்தில் செய்து நன்றாக மூடப்பட்ட குலுக்கு முட்டை கிடைக்கும். அது போதும்.

அடுத்தது புத்தகம். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தாள் புத்தகம் இந்த வயதில் கிழியும், கிழிந்தது வாய்க்குப் போகும். மடிப்பைத் தூக்கினால் கீழே கோழிக்குஞ்சோ முயலோ ஒளிந்திருக்கும் வகைப் புத்தகம் ஈஸ்டருக்குப் பொருத்தமானது. முட்டை தேடும் விளையாட்டும் அதுதானே. ஒரு பக்கத்தில் ஒரு படம், இரண்டு வரி என்றிருந்தால் போதும். கதை நீளமானால் குழந்தை எழுந்து போய்விடும்.

துணி முயல் வாங்கினால் கண்ணைப் பாருங்கள். ஒட்டிய மணியாகவோ பொத்தானாகவோ இல்லாமல் நூலால் தைத்த கண்ணாக இருக்க வேண்டும். வயது கூடிய குழந்தைக்கு, குமிழ் வைத்த நான்கைந்து துண்டு மரப் புதிர், கழுவினால் போகும் தடித்த க்ரேயான், ஒரு சிறிய பூவாளி. குளிக்கும்போது மிதக்கவிடும் கிண்ணங்களும் நல்லவையே. சோப்புக் குமிழிப் புட்டி வைத்தால், ஊதுவது நீங்கள், பிடிப்பது குழந்தை. துணிமணி வைப்பதில் தவறில்லை. ஆனால் குழந்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அது பெற்றோருக்கான பரிசு.

[காட்சி: சிவப்பு வட்டத்துக்குள் பட்டன் பேட்டரி.]

சிலவற்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். மினுக்கும், பாடும் மலிவான பொம்மைகளில் பட்டன் பேட்டரி இருக்கும். அதை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து கடுமையாகப் புண்ணாகிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்படாத பொம்மையை வாங்காதீர்கள். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள் வயிற்றுக்குள் போனாலும் அப்படியே பெருத்துக் குடலை அடைக்கும். காந்தத் துண்டுகளும் ரப்பர் பலூன்களும் இதே பட்டியலில் சேரும். உயிருள்ள கோழிக்குஞ்சைப் பரிசளிப்பதும் வேண்டாம். பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் குஞ்சுகளில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் அவற்றைத் தொடவே கூடாது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கிறது. முயலோ, நன்றாக வளர்த்தால் எட்டு வருடத்துக்கு மேல் வாழக்கூடிய பிராணி. ஒரு நாள் மகிழ்ச்சிக்காக அதை வாங்கிக் கூடையில் உட்கார வைப்பது அதற்குச் செய்யும் அநியாயம்.

[காட்சி: ஒரு பக்கம் பொம்மைக் குவியல், மறுபக்கம் நான்கே பொம்மைகள்.]

எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 30 மாதம் வரையான 36 குழந்தைகளை ஒரு முறை நான்கு பொம்மைகளோடும், மறுமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்கள். ஒரே பொம்மையை வைத்து விதவிதமாகவும் விளையாடினார்கள். கூடை வெறுமையாகத் தெரிகிறதே என்று கடைசி நேரத்தில் எதையாவது வாங்கித் திணிக்கத் தோன்றினால், கூடையைச் சிறிதாக்குங்கள். பாட்டி, தாத்தா, அத்தை, மாமா எல்லோரும் ஆசையோடு ஏதாவது வாங்கி வருவார்கள். "இந்தப் புத்தகம் உங்கள் பங்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் மகிழ்ச்சி, வரும் சாக்லேட்டை ஒளித்து வைக்கும் சிரமமும் நமக்கு இல்லை.

[காட்சி: ஆழமில்லாத தட்டில் மண். கோதுமை முளைத்துப் பச்சையாக எழுகிறது.]

கடைசியாக, கூடையின் அடியில் பரப்பும் பளபளப்பான பிளாஸ்டிக் புல்லை விட்டுவிடுங்கள். அதன் இழைகள் குழந்தையின் வாய்க்கும் போகும், வீட்டுப் பூனையின் வயிற்றுக்கும் போகும். உண்மையான புல்லையே வளர்க்கலாம். ஐரோப்பாவில் பலர் ஈஸ்டருக்காகவே இப்படி வளர்க்கிறார்கள். கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, ஈர மண்மேல் நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மண் போர்வை இட்டு, வெளிச்சம் படும் ஜன்னலோரம் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வெள்ளை முளை தெரியும். பத்து நாளில் விரல் உயரத்துக்கு மேல் நிற்கும். தண்ணீர் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும், தெளித்தால் போதும். தூவும் வேலையை நீங்கள் செய்யுங்கள். பூவாளியைக் குழந்தையிடம் கொடுங்கள். பண்டிகையன்று தட்டோடு கூடைக்குள் இறக்கி, முட்டைகளை அதன்மேல் வையுங்கள். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28ஆம் தேதி வருகிறது; கோதுமையை 17ஆம் தேதி இரவு ஊறப்போட்டால் சரியாக இருக்கும்.