மட்டையைத் தலைகீழாப் பிடிச்சா என்ன ஆகும்?

[காட்சி: சீவலப்பேரி ஆத்தங்கரை. தென்னந்தோப்புல சின்னப் பயலுவ விளையாடுதாங்க.]

இது பச்சைத் தென்னமட்டை. அரிவாளால செதுக்குனது. ஒல்லிப் பக்கம் கைப்பிடி, அகலமான அடிப்பக்கம் பந்துக்கு. வீசுதேன் பாருங்க... சுத்தவே மாட்டேங்குது.

[காட்சி: மட்டையைத் திருப்பிப் பிடிக்கிறார்.]

இப்போ அகலப் பக்கத்தைப் பிடிச்சு வீசுதேன். விசுக்குனு வருது! எடை ஒரு கிராம்கூடக் குறையல. எடை கையை விட்டு எவ்வளவு தூரத்துல உக்காந்திருக்குங்கறதுதான் மாறியிருக்கு. பிளஸ் ஒன் பாடத்துல நிலைமத் திருப்புத்திறன்னு படிச்சிருப்பீங்க, அதுதான் இது. அதே எடை ரெண்டு மடங்கு தள்ளிப் போச்சுன்னா, சுத்துறது நாலு மடங்கு கஷ்டம்.

அமெரிக்கால பேஸ்பால் ஆடுறவங்களுக்கு இது வாழ்வா சாவா மாதிரி. எறியுறவருக்கும் அடிக்கிறவருக்கும் நடுவுல 18.44 மீட்டர்தான். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்துல பந்து வந்தா, அரை செகண்டுக்கும் கம்மி. அதுக்குள்ள பந்தைப் பாத்து, முடிவெடுத்து, மட்டையைச் சுத்தி முடிக்கணும். மட்டையும் உருண்டை, ரொம்பத் தடிச்ச இடத்துலயே குறுக்களவு 6.6 சென்டிமீட்டர்தான். மட்டை வேகமாச் சுத்தணும்னுதான் சிலர் கைப்பிடியில ரெண்டு இஞ்சு மேல ஏத்திப் பிடிக்காங்க.

2003-ல சாமி சோசாங்கற பேஸ்பால் வீரரோட மட்டை ஆட்டத்துல உடைஞ்சப்போ, உள்ள தக்கை இருந்துச்சு. தக்கை வச்சா மட்டை லேசாகி வேகமாச் சுத்தும், உண்மைதான். ஆனா பந்துல மோதுற எடையும் குறையுதே! ஒண்ணுக்கு ஒண்ணு கழிஞ்சு போயிரும், பந்து கூடுதல் தூரம் போகாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்து வர்றதுதான். பந்து மட்டையைத் தொட்டு நிக்கிறது ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரந்தான். அடியோட அதிர்வு மரம் வழியாக் கைக்கு வந்து திரும்புறதுக்குள்ள பந்து கிளம்பிப் போயிருது. கை விண்ணுன்னு தெறிக்கும்போது நீங்க உணருறது முடிஞ்சுபோன அடியை.

[காட்சி: கிரிக்கெட் மட்டை, பழைய பந்து.]

நீங்களே செஞ்சு பாருங்க. கைப்பிடியை ரெண்டு விரலால லேசாப் பிடிச்சுத் தொங்கவிடுங்க. நுனியில இருந்து பந்தால தட்டிக்கிட்டே மேல வாங்க. விரல்ல அதிர்வு... அதிர்வு... இந்தா, இங்க இல்ல! சத்தமும் மாறிட்டுது, கேட்டீங்களா? மட்டை வளைஞ்சு அதிரும்போது ஆடாம நிக்கிற இடம் இது. பேஸ்பால் மட்டையில நுனியில இருந்து ஏறக்குறைய 15 சென்டிமீட்டர்ல இருக்கும். இங்க பட்டா அந்த அதிர்வுக்குப் போற சக்தி மிச்சம், அதுவும் பந்தோடயே போகும்.

சாக்பீஸ் குடு தம்பி, ஒரு கோடு போட்டுக்கிடுவோம்.